இறுக்கினால் தீராத ஆட்டம்

பழைய மோட்டார் சைக்கிள் கேள்வி பதில்

பழைய வண்டிகளில் முன்சக்கரத்தைத் தாங்கும் கர்டர் ஃபோர்க் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டேன். தனித்தனியாகப் பதில் எழுதினால் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். முதல் பதிலைப் படித்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

கேள்வி: ஐயா, தாத்தா ஓட்டிய பி.எஸ்.ஏ. எம்20 இப்போது என்னிடம் இருக்கிறது. முன்பக்கம் கடகடவென்று சத்தம் வந்தது. மெக்கானிக் ஃபோர்க்கில் இருந்த எல்லா நட்டுகளையும் நன்றாக முறுக்கிக் கொடுத்தார். சத்தம் நின்றுவிட்டது. ஆனால் இப்போது ஃபோர்க் இறங்குவதே இல்லை. சின்னப் பள்ளத்தில்கூட கை விண்ணென்று தெறிக்கிறது. ஓட்ட ஓட்டச் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது தம்பி. அந்த நட்டுகளைத் தளர்த்தும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள். தேய்மானம் அப்படியேதான் இருக்கிறது. அசைய வேண்டிய பாகங்கள் அசையாமல் இறுகிப்போனதால் சத்தம் நின்றிருக்கிறது.

எது எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். கர்டர் ஃபோர்க்கில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு கால்களும் சேர்ந்து ஒரே சட்டம். மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி என்று குட்டையான லிங்க்குகள் அந்தச் சட்டத்தை ஸ்டியரிங் தண்டோடு இணைக்கின்றன. ஒவ்வொரு ஜோடிக்கும் முன்னால் ஒரு ஸ்பிண்டில் (லிங்க் திரும்பும் அச்சாணி), பின்னால் ஒரு ஸ்பிண்டில். ஆக மொத்தம் நான்கு. சக்கரம் மேட்டில் ஏறும்போது சட்டம் முழுவதும் மேலே எழும்பும், நான்கு ஸ்பிண்டிலும் தத்தம் புஷ்ஷுக்குள் (ஸ்பிண்டிலைச் சுற்றி இருக்கும் உலோக உறை) கொஞ்சம் திரும்பும், நடுவில் இருக்கும் ஸ்பிரிங் அமுங்கும்.

இந்த ஸ்பிண்டில்களில் இரண்டு விதமான ஆட்டம் வரும். ஒன்று பக்கவாட்டில். லிங்க்குக்கும், ஸ்பிண்டில் நுழையும் காதுக்கும் நடுவே இடைவெளி கூடி, சட்டம் இடது வலதாக நகரும். இன்னொன்று புஷ்ஷும் ஸ்பிண்டிலும் தேய்ந்து ஓட்டை பெரிதாவதால் வரும் மேல்கீழ் ஆட்டம். வண்டியில் கொடுத்திருக்கும் அட்ஜஸ்ட்மெண்ட் முதல் வகைக்கு மட்டும்தான். இரண்டாவது வகைக்கு அட்ஜஸ்ட்மெண்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. புது புஷ், புது ஸ்பிண்டில் போட வேண்டும். கர்டர் ஃபோர்க்கைக் கெடுக்கிறவர்களில் பெரும்பாலானோர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து நட்டை முறுக்குகிறவர்கள்தான். எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. நல்ல நிலையில் எத்தனையோ வருஷம் ஓடிய ஃபோர்க், ஒரே மாலையில் ஸ்பேனர் வைத்தவரின் கைபலத்தால் வீணாகிப் போகிறது.

சரி, அட்ஜஸ்ட் செய்வது எப்படி என்று சொல்கிறேன். லிங்க்குக்கும் காதுக்கும் இடையே, விளிம்பில் சொரசொரப்பாகக் கோடு போட்ட மெல்லிய வாஷர்கள் இருக்கும். அளவு பார்க்கும் கருவியே இதுதான், ஆனால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி வையுங்கள். ஃபோர்க்கின் துள்ளலை அடக்கும் உராய்வு டேம்பரை முழுக்கத் தளர்த்திவிடுங்கள். ஒரு ஜோடி லிங்க்கை எடுத்துக்கொண்டு, அதன் முன், பின் இரண்டு ஸ்பிண்டிலின் பூட்டு நட்டுகளையும் இரு பக்கமும் தளர்த்துங்கள். இப்போது ஸ்பிண்டிலின் தலையில் ஸ்பேனர் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். ஸ்பிண்டில் ஒரு பக்க லிங்க்கில் மரையேறி நிற்பதால், திருப்பும் திசைக்கு ஏற்ப லிங்க்குகள் உள்ளே நெருங்கும் அல்லது விலகும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து அந்த வாஷரைச் சுழற்றிப் பாருங்கள். வாஷர் லொடலொடவென்று ஆடினால் இன்னும் இடைவெளி இருக்கிறது. சுழலவே மறுத்தால் அதிகம் இறுகிவிட்டது. விரலால் சுழற்றினால் லேசான தடையோடு சுழல வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. அந்த நிலைதான் வேண்டும்.

அந்த நிலையில் ஸ்பிண்டிலை அசையாமல் ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு பூட்டு நட்டை இறுக்குங்கள். இறுக்கியதும் வாஷரை மறுபடி சுழற்றிப் பாருங்கள். பூட்டு நட்டு இறுகும்போது மரையில் இருக்கும் சிறிய தளர்வும் போய்விடும். அதனால் சற்று முன் சுழன்ற வாஷர் இப்போது பிடித்துக்கொள்ளும். அப்படியானால் பூட்டு நட்டைத் தளர்த்தி, ஸ்பிண்டிலை ஒரு துளி பின்னால் விட்டு மறுபடி இறுக்க வேண்டும். பொறுமை வேண்டிய இடம் இதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முன் ஸ்பிண்டிலை மட்டும் இறுக்கி, பின் ஸ்பிண்டிலை அப்படியே விட்டால் லிங்க் கோணலாக நிற்கும். கோணலாக நிற்கும் லிங்க் ஒரு விளிம்பில் மட்டும் உராயும். அதனால் முன்னும் பின்னும் மாறி மாறி, ஒரே அளவில் கொண்டுவர வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு ஹேண்டில்பாரை அழுத்தி விடுங்கள். ஃபோர்க் தடையில்லாமல் இறங்கி, தானாக ஏற வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் கடகட சத்தம் திரும்பி வந்தால், புஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு ஸ்பேனர் மருந்தாகாது.

கேள்வி: முன் பிரேக் பிடித்தால் ‘டக்’ என்று ஒரு அடி கேட்கிறது. ஒருவர் கோன்செட் என்கிறார், இன்னொருவர் ஃபோர்க் புஷ் என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் விடுங்கள், விரலை நம்புங்கள். கோன்செட் என்பது ஹேண்டில்பார் திரும்புவதற்காக ஃபிரேமின் தலையில் இருக்கும் கிண்ணம், கோன், குண்டுகள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்துவிட்டு, ஒருவரைச் சக்கர அச்சுக்குப் பக்கத்தில் ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் ஃபிரேமின் தலைக்கும் அதற்குக் கீழே இருக்கும் கிண்ணத்துக்கும் இடையே விரலை வையுங்கள். விரலில் அசைவு தட்டுப்பட்டால் கோன்செட். அங்கே அசைவில்லை என்றால் விரலை ஒவ்வொரு ஸ்பிண்டிலாக நகர்த்துங்கள். லிங்க்கும் காதும் சேரும் இடத்தில் குறுக்காக விரலை வைத்தால், எது நகர்கிறது, எது நிற்கிறது என்று துல்லியமாகத் தெரியும்.

அச்சில் தெரியும் ஆட்டத்தின் அளவைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். மேல் லிங்க்குக்கும் கீழ் லிங்க்குக்கும் இடையே உள்ள தூரம் குறைவு, அங்கிருந்து அச்சு இருக்கும் தூரம் அதிகம். அதனால் ஸ்பிண்டிலில் மயிரிழை அளவு இருக்கும் ஆட்டம் அச்சில் பல மடங்காகத் தெரியும். பிரேக் பிடிக்கும்போது அதிக விசையைத் தாங்குவதும் கீழ் ஸ்பிண்டில்கள்தான். சேறும் தண்ணீரும் படுவதும் அங்கேதான். முதலில் அங்கே தேடுங்கள்.

கோன்செட்தான் என்றால், ஹேண்டில்பாரை நடுவில் வைத்து லேசாகத் தட்டினால் தன் எடையிலேயே ஒரு பக்கம் சாய வேண்டும், அதே சமயம் ஆட்டமும் இருக்கக் கூடாது. அந்த அளவுக்கு அட்ஜஸ்ட் செய்யுங்கள். நடுவில் மட்டும் ஏதோ பள்ளத்தில் விழுந்ததுபோல் பிடித்து நின்றால் கிண்ணத்தில் குண்டுகளின் தடம் விழுந்துவிட்டது. அதை அட்ஜஸ்ட் செய்து பயனில்லை, கிண்ணம், கோன், குண்டு எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். சோதிக்கும்போது மேலே இருக்கும் ஸ்டியரிங் டேம்பர் குமிழ் தளர்ந்திருக்க வேண்டும். ஆட்டத்தை மறைக்க அந்தக் குமிழை இறுக்கி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆபத்தான பழக்கம் அது.

கேள்வி: அப்பாவின் நார்ட்டன் 16எச் வண்டியை அவர் இருக்கும்போதே பாதி பிரித்து வைத்திருந்தார். ஃபோர்க் பெட்டியில் தனியாகக் கிடக்கிறது, லிங்க்குகளும் ஸ்பிண்டில்களும் இன்னொரு டப்பாவில். பெயிண்ட் அடித்துப் பூட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். அதற்கு முன் நான் பார்க்க வேண்டியது ஏதும் உண்டா?

பதில்: உண்டு அம்மா. பெயிண்டைத் தள்ளி வையுங்கள். பிரித்துக் கிடப்பது ஒரு வகையில் நல்லதுதான், இப்போது பார்ப்பதுபோல் பூட்டிய பிறகு பார்க்க முடியாது. அந்த ஃபோர்க் நேராக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இந்த வயதுள்ள வண்டிகளில் எங்காவது ஒருமுறை முட்டாத ஃபோர்க் அபூர்வம்.

கண்ணால் முதலில் தேட வேண்டிய இடம், குழாய்கள் கீழ்க் காதுகளோடு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே. முன்னால் இருந்து முட்டிய ஃபோர்க்கில் அங்கே மெல்லிய சுருக்கமோ அலையோ இருக்கும். பழைய பெயிண்டுக்கு மேலே தெரியாது. பெயிண்டை எடுத்துவிட்டு, கையைத் தண்ணீரில் நனைத்து விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். கண் தவறவிடுவதை விரல் பிடித்துவிடும்.

அடுத்து, கம்பிச் சோதனை. ஸ்பிண்டில் ஓட்டைகளில் கச்சிதமாக நுழையும், நேராகச் சாணை பிடித்த இரண்டு நீளக் கம்பிகள் வேண்டும். லேத் பட்டறையில் கிடைக்கும். ஃபோர்க்கின் மேல் காதுகளில் ஒன்றையும் கீழ்க் காதுகளில் ஒன்றையும் செருகுங்கள். இரு பக்கமும் ஒரு முழம் அளவுக்கு வெளியே நீளட்டும், நீளம் கூடக் கூட வளைவு பெரிதாகத் தெரியும். இடது முனையில் இரண்டு கம்பிக்கும் இடையே எவ்வளவு தூரம், வலது முனையில் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு ஒரு பக்கமாக நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முன்னால் இருக்கும் கம்பிக்கு மேலாகப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். முறுக்கு இருந்தால் ஒரு கம்பி சாய்ந்து நிற்பது சட்டென்று தெரிந்துவிடும். மூன்றாவதாகச் சக்கர அச்சையும் அதன் இடத்தில் பூட்டி, அதுவும் இந்தக் கம்பிகளோடு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். இதே சோதனையை ஸ்டியரிங் தண்டில் இருக்கும் மேல், கீழ்க் காதுகளுக்கும் செய்ய வேண்டும். ஃபோர்க் நேராக இருந்து தண்டு கோணலாக இருந்தால் பலன் ஒன்றுதான், வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

லிங்க்குகளை மறந்துவிடாதீர்கள். இடது வலது லிங்க்கில் ஓட்டைக்கு ஓட்டை தூரம் ஒன்றாக இருக்கிறதா, லிங்க் தட்டையாக இருக்கிறதா என்று கண்ணாடிப் பலகைமேல் வைத்துப் பார்த்தால் போதும். மரை போட்ட லிங்க்குகளில் மரை தேய்ந்திருந்தால் அந்த லிங்க்கை நம்ப வேண்டாம்.

விரிசலுக்கு ஒரு பழைய வழி இன்றைக்கும் நன்றாக வேலை செய்கிறது. பாகத்தை மண்ணெண்ணெயில் ஊறவைத்து எடுத்து, மேலே ஈரம் சிறிதும் இல்லாமல் துடைத்துவிட்டு, சுண்ணக்கட்டித் தூளைப் பூசி வையுங்கள். விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் மெதுவாகக் கசிந்து, வெள்ளைத் தூளில் கோடாகத் தெரியும். குழாயும் காதும் பிரேஸிங் செய்து, அதாவது பித்தளையை உருக்கி ஒட்டி, சேரும் விளிம்புகளைச் சுற்றி நிதானமாகப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் நீங்களே வெல்டு வைக்கப் போகாதீர்கள். பழைய பித்தளை இருக்கும் இடத்தில் ஆர்க் வெல்டு பிடிக்காது, சுற்றியுள்ள இரும்பையும் கெடுக்கும். இந்த வேலை தெரிந்தவர் பழைய பிரேஸிங்கைக் கழற்றி மறுபடி செய்ய வேண்டும். வளைந்த ஃபோர்க்கை நிமிர்த்துவதும் அப்படித்தான், பாகத்தைச் சரியான அளவில் பிடித்து வைக்கும் ஜிக் இல்லாமல் சுத்தியலும் குழாயும் வைத்து நிமிர்த்தினால் ஒரு வளைவு இரண்டு வளைவாகும்.

இதெல்லாம் நேராக வந்த பிறகு பெயிண்ட் அடியுங்கள். காதுகளின் பக்கவாட்டு முகத்திலும் ஓட்டைக்குள்ளும் பெயிண்ட் படக் கூடாது. மணல் வீச்சில் சுத்தம் செய்யக் கொடுத்தால் கிரீஸ் துளைகளை முன்கூட்டியே அடைத்துக் கொடுங்கள். உள்ளே தங்கும் மணல் புது புஷ்ஷைத் தின்றுவிடும்.

அப்பாவின் டப்பாவில் இருக்கும் வாஷர்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எது எந்த ஸ்பிண்டிலைச் சேர்ந்தது என்று தாளில் சுற்றி எழுதி வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். கவனமாகப் பிரிக்கிறவர்கள் அப்படி வைப்பார்கள்.

கேள்வி: நான்கு ஸ்பிண்டிலும் புஷ்ஷும் லேத்தில் செய்யப்போகிறேன். எந்த இரும்பு, எவ்வளவு இடைவெளி?

பதில்: பழைய ஸ்பிண்டிலை வெளியே எடுத்ததும் கிரீஸைத் துடைத்துவிட்டுக் கட்டைவிரல் நகத்தை நீளவாக்கில் ஓட்டிப் பாருங்கள். புஷ் உட்கார்ந்த இடத்தில் நகம் ஒரு படியில் தட்டும். ஸ்பிண்டிலை உருட்டி மறுபக்கம் பார்த்தால் படி இருக்காது. ஃபோர்க் ஏறி இறங்கும்போது ஸ்பிண்டில் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை, ஒரு சிறிய கோணத்துக்குள் போய் வருகிறது, சுமையும் எப்போதும் கிட்டத்தட்ட ஒரே பக்கம். கதவுக் கீல் ஒரு பக்கமே தேய்வது மாதிரி. அதனால்தான் புஷ்ஷின் ஓட்டை வட்டமாகப் பெரிதாகாமல் முட்டை வடிவில் பெரிதாகிறது. இதைத் தெரிந்துகொண்டால், பழைய புஷ்ஷில் தடிமனான ஸ்பிண்டிலைத் திணிப்பது ஏன் பயன்படாது என்பதும் புரியும்.

புஷ்ஷுக்குப் பாஸ்பர் பிரான்ஸ் போடுங்கள். ஸ்பிண்டிலுக்கு மைல்டு ஸ்டீல் வேண்டவே வேண்டாம். இஎன்24 மாதிரி உறுதியான இரும்பு, அல்லது மேல்தோல் கடினப்படுத்திச் சாணை பிடித்தது. மரை முடிந்து தடித்த பகுதி தொடங்கும் மூலையில் லேத்காரர் கூர்மையான வெட்டு விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே சின்ன வளைவு இருக்க வேண்டும். ஸ்பிண்டில் உடைந்தால் பெரும்பாலும் அந்த மூலையில்தான் உடையும். மரை பிரிட்டிஷ் வண்டிகளுக்கு அங்குல மரைதான், பல இடங்களில் அங்குலத்துக்கு 26 கொண்ட சைக்கிள் மரை. கைக்குக் கிடைத்த மில்லிமீட்டர் நட்டை ஏற்றினால் முதல் இரண்டு சுற்றுப் போகும், மூன்றாவதில் லிங்க்கின் மரையையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

பழைய புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து எடுக்காதீர்கள். காது வார்ப்பாக இருந்தால் விரிசல் விடும். நீளமான போல்ட், ஒரு குழாய்த் துண்டு, இரண்டு வாஷர் வைத்து இழுத்தே எடுத்துவிடலாம். புது புஷ்ஷையும் அதே போல்ட்டால் இழுத்து ஏற்றுங்கள். ஏற்றும் முன்பே கிரீஸ் நிப்பிளுக்கு நேராகத் துளை போட்டாயிற்றா என்று பாருங்கள். அழகாகக் கடைந்த புஷ்ஷில் துளை போட மறந்து, கிரீஸ் கன் எவ்வளவு அழுத்தியும் ஒன்றும் போகாமல் திரும்பி வந்த வேலைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காதுக்குள் இறுகி ஏறும்போது புஷ்ஷின் உள் ஓட்டை கொஞ்சம் சுருங்கும். அதனால் கடைசி அளவை ஏற்றிய பிறகுதான் கொண்டுவர வேண்டும். ஒரு ஸ்பிண்டிலுக்கு இரண்டு பக்கமும் புஷ் இருந்தால், இரண்டையும் ஒரே நீள ரீமரால் (ஓட்டையைச் சரியான அளவுக்குச் செதுக்கும் கருவி), ஒரே நேர்க்கோட்டில் ரீம் செய்ய வேண்டும். தனித்தனியாகச் செய்தால் ஒவ்வொன்றிலும் ஸ்பிண்டில் அருமையாக நுழையும், இரண்டிலும் சேர்த்து நுழைக்கும்போது பிடிக்கும். இடைவெளி 0.03 முதல் 0.05 மி.மீ. வரை போதும். எண்ணெய் தடவிய ஸ்பிண்டில் விரலால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும், மேலும் கீழும் ஆட்டினால் ஒன்றும் தெரியக் கூடாது.

கேள்வி: ஸ்பிண்டில் கழலவே மாட்டேன் என்கிறது. பெரிய சுத்தியல் போடலாமா?

பதில்: வேண்டாம். அது ஒரு பக்க லிங்க்கில் மரையேறி நிற்கிறது. அடித்தால் மரையோடு போகும். இரண்டு முனையின் பூட்டு நட்டுகளையும் எடுத்துவிட்டு, துரு இளக்கும் எண்ணெயை நாளுக்கு இரண்டு முறை விட்டுவிட்டுச் சில நாள் பொறுங்கள். பிறகு முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாகத் திருப்பியே எடுக்க வேண்டும். அப்படியும் வராவிட்டால் லிங்க்கை மட்டும் மிதமாகச் சூடாக்கலாம், சட்டத்தில் பிரேஸிங் இருக்கும் பக்கம் தீயைக் காட்டக் கூடாது. நிப்பிளைக் கழற்றிவிட்டுச் சூடாக்குங்கள், உள்ளே கெட்டியான கிரீஸ் புகைந்து பீறிட வழி வேண்டும்.

பிரிக்கும்போது நடு ஸ்பிரிங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. சக்கரத்தை எடுத்து ஃபோர்க் முழுக்கக் கீழே தொங்கும்போது அதில் விசை குறைந்திருக்கும், ஆனால் இல்லவே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்பிரிங்கின் போல்ட்டைக் கழற்றும் முன் பட்டையால் கட்டிவிட்டு, முகத்தை அதற்கு நேராக வைக்காமல் வேலை செய்யுங்கள். ஃபிரேம் கீழே உறுதியாக முட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

கேள்வி: ஸ்பிரிங்குக்கும் லிங்க்குக்கும் குரோம் பூசினால் வண்டி பளபளவென்று இருக்குமே?

பதில்: ஸ்பிரிங்குக்குப் பூச வேண்டாம். முலாம் பூசும் தொட்டியில் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவருகிறது. கடினமான இரும்புக்குத்தான் இந்தக் கேடு அதிகம், ஸ்பிரிங் அதில் முதலிடம். பூசிய உடனே சுமார் 200 டிகிரியில் சில மணி நேரம் சுட்டு எடுத்தால் ஆபத்து குறையும், ஆனால் கேட்டுக் கேட்டுச் செய்ய வைத்தால்தான் உண்டு. கறுப்புப் பெயிண்ட் அடியுங்கள். நன்றாகவே இருக்கும்.

கேள்வி: பள்ளத்தில் இறங்கினால் ஃபோர்க் ‘டங்’ என்று அடிக்கிறது. டேம்பரை முழுக்க இறுக்கினால் அடி குறைகிறது. அப்படியே ஓட்டலாமா?

பதில்: ஓட்டக் கூடாது. ஸ்பிரிங்கின் வேலையை டேம்பரிடம் கொடுக்கிறீர்கள். நீங்கள் வண்டியில் உட்கார்ந்துகொண்டு, இன்னொருவரைப் பக்கவாட்டில் நின்று லிங்க்குகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபோர்க் தொங்கும்போது லிங்க்கின் முன்முனை கீழே இருக்கும், அமுங்க அமுங்க மேலே போகும். ஆள் உட்கார்ந்ததுமே முன்முனை மேல்நோக்கி நிமிர்ந்துவிட்டால், இறங்க வேண்டிய தூரம் முழுவதும் உங்கள் எடைக்கே செலவாகிவிட்டது. பள்ளத்துக்கு மிச்சம் எதுவும் இல்லை. கர்டர் ஃபோர்க்கின் மொத்தப் பயணமே குறைவு, அதை வீணாக்கக் கூடாது. அதே வண்டிக்கான சரியான ஸ்பிரிங்கை வாங்கிப் போடுங்கள். நடுவில் பருத்து, இரு முனையிலும் மெலிந்த பீப்பாய் வடிவ ஸ்பிரிங்குக்குப் பதிலாக நேரான ஸ்பிரிங்கை வைத்தால் அமுங்கும்போது பக்கவாட்டில் வளைந்து உரசும். கம்பியில் துருப் பள்ளங்கள் இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும், முறிவு அங்கிருந்துதான் தொடங்கும்.

டேம்பர் எதற்கு என்றால், அமுங்கிய ஸ்பிரிங் திரும்பத் திரும்பத் துள்ளாமல் அடக்குவதற்கு. முழுக்கத் தளர்த்தி ஹேண்டில்பாரை அழுத்தி விட்டால் ஃபோர்க் துள்ளிக்கொண்டிருக்கும். ஒருமுறை எழும்பி அடங்கும்வரை குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். வேகமாகப் போகும்போது இன்னும் கொஞ்சம். அதற்கு மேல் இறுக்கினால் சக்கரம் மேட்டுக்கு மேடு தாவும், தரையைத் தொடாத டயருக்குப் பிடிமானம் கிடையாது.

கேள்வி: டேம்பர் தட்டுகள் ‘கீச்’ என்கின்றன. எண்ணெய் விடலாமா?

பதில்: விடவே கூடாது. உராய்வுதான் அதன் தொழில். எண்ணெயோ கிரீஸோ பட்டுவிட்டால் தட்டுகளை மாற்றுங்கள். இன்னொரு முக்கியமான விஷயம்: பழைய உராய்வுத் தட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. தண்ணீரில் நனைத்து, முகமூடி போட்டுக்கொண்டு எடுத்து, பிளாஸ்டிக் பையில் மூடிக் கட்டி, பாதுகாப்பாக அப்புறப்படுத்துகிறவர்களிடம் கொடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத தட்டுகள் இப்போது கிடைக்கின்றன.

கேள்வி: எங்கள் ராயல் என்ஃபீல்டு 125, போர்க்காலத்தில் ‘ஃப்ளையிங் ஃப்ளீ’ என்று அழைக்கப்பட்ட வண்டி. அதன் ஃபோர்க்கில் ஸ்பிரிங்கே காணோம், ரப்பர் வளையம்தான் இருக்கிறது. யாரோ மாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை, அது அப்படித்தான் வந்தது. எடையைக் குறைத்துச் செய்த வண்டி, ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் வளையங்கள். வெடிப்பு இருந்தால் எல்லா வளையத்தையும் ஒன்றாக மாற்றுங்கள், புதியதும் பழையதும் கலந்தால் ஃபோர்க் கோணலாக இழுக்கும். கிரீஸ் அடித்த பிறகு வழிந்ததைத் துடைத்துவிடுங்கள், ரப்பருக்கு ஆகாது.

கேள்வி: இவ்வளவு தொல்லைக்கு, குழாய்க்குள் குழாய் நுழைந்து இறங்கும் டெலிஸ்கோபிக் ஃபோர்க்கை மாட்டிவிட்டால் என்ன? எல்லாக் கம்பெனியும் அதற்குத்தானே மாறின?

பதில்: மாறின, நியாயமான காரணத்தோடுதான் மாறின. பி.எம்.டபிள்யூ. 1935-இல் ஆர்12 வண்டியில் எண்ணெய் டேம்பர் உள்ள டெலிஸ்கோபிக் ஃபோர்க் கொடுத்தது. உலகப் போர் முடிந்த சில வருஷங்களில் பிரிட்டிஷ் கம்பெனிகளும் பெரும்பாலும் அதற்குப் போய்விட்டன. அதில் சக்கரம் ஏறி இறங்கும் தூரம் அதிகம், உராயும் இடங்கள் மூடி எண்ணெயிலேயே இருக்கின்றன. கர்டரில் சட்டம் முழுவதும் சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவதால் அந்த எடையும் ஒரு சுமை.

ஆனால் கர்டர் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளாது. பிரேக் பிடித்தால் மூக்கைக் கீழே குத்திக்கொள்வதும் குறைவு. வின்சென்ட் கம்பெனி 1948-இல் சீரிஸ் சி வண்டிகளுக்கு டெலிஸ்கோபிக் போடாமல், அலுமினியக் கலவையில் அடித்த கால்களும் எண்ணெய் டேம்பரும் கொண்ட ‘கர்ட்ராலிக்’ ஃபோர்க்கை எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தின் மிக வேகமான வண்டிகளில் ஒன்று அது. பக்கவண்டி மாட்டுகிறவர்கள் முன்சக்கரத்தின் கோணத்தை மாற்றிக்கொள்ளவும் அதில் வசதி வைத்தார்கள். பழமைப் பாசத்தால் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் ஃபிரேமின் தலைக் கோணமும் நீளமும் கர்டருக்காகக் கணக்கிட்டவை. வேறு ஃபோர்க்கை மாட்டினால் வண்டியின் உயரமும் திரும்பும் குணமும் மாறிப்போகும். மாட்டாதீர்கள். உள்ளதைச் சரி செய்யுங்கள்.

கேள்வி: எல்லாம் புதிதாகப் போட்டு ஃபோர்க்கைப் பூட்டிவிட்டேன். இனி எப்போது கைவைக்க வேண்டும்?

பதில்: முதல் ஓட்டம் முடிந்து வந்ததும், வண்டி ஆறிய பிறகு, வாஷர்களை விரலால் சுழற்றிப் பாருங்கள். புதுப் பெயிண்ட் அமுங்குவதாலும் புது முகங்கள் பொருந்துவதாலும் கொஞ்சம் தளர்வு கட்டாயம் வரும். நூறு கிலோமீட்டருக்குள் இன்னொரு முறை. அப்புறம் ஆட்டம் தெரிந்தால் மட்டும் போதும், சும்மா சும்மா இறுக்க வேண்டாம்.

கிரீஸ் மட்டும் தாராளமாக, சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழையில் ஓட்டினால் அன்றைக்கே. சாதாரண லித்தியம் கிரீஸ் போதும். முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து, ஸ்பிண்டிலில் சுமை இல்லாதபோது அடியுங்கள், அப்போதுதான் கிரீஸ் சுமை தாங்கும் பக்கத்துக்கும் போய்ச் சேரும். காதின் இரண்டு முனையிலும் முதலில் கறுப்பாக வரும். சுத்தமான கிரீஸ் வரும்வரை அடியுங்கள். ஒரு முனையில் மட்டும் வந்து மறுமுனை காய்ந்திருந்தால், அந்தப் பக்க வாஷர் அதிகம் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் டேம்பர் தட்டுகளின் பக்கம் வழிந்திருந்தால் துணியால் துடைத்துவிடுங்கள்.